லென்ஸைப் பூட்டிவிட்டு அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டைப்பையில் அடங்குகிற, அதே சமயம் லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா ஏன் இப்போது கிடைப்பதில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: கைப்பேசி வந்தது, கேமரா போனது. இது பாதி உண்மை. லென்ஸ் மாற்ற முடியாத மலிவுக் கேமராக்களைக் கைப்பேசி விழுங்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010-இல் ஆலைகளிலிருந்து வெளியேறிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-இல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பங்கு லென்ஸ் மாற்றும் கேமராக்கள்தாம். ஆக, அந்த வகை சாகவில்லை. அந்த வகைக்குள் இருந்த சின்ன உருவம் மட்டும்தான் மறைந்துவிட்டது. அதற்கான காரணங்களில் பல கேமராவுக்கு உள்ளேயே இருக்கின்றன.

முதலில் 'சின்னது' என்றால் எவ்வளவு என்று தெளிவாக்கிக்கொள்வோம். பானசோனிக் ஜிஎம்1 என்ற கேமரா 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அகலம் 98.5, உயரம் 54.9, தடிமன் 30.4 மி.மீ. பேட்டரி, மெமரி கார்டு சேர்த்து 204 கிராம். அதனுடன் வந்த 12-32 மி.மீ. ஜூம் லென்ஸ் 70 கிராம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. அதன் குவியத் தூரம், நீளம் அல்ல). மடக்கி வைத்தால் 24 மி.மீ. நீளம். இரண்டையும் கூட்டினால் 274 கிராம், 55 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன். உள்ளே இருப்பது 17.3-க்கு 13 மி.மீ. அளவுள்ள, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் வகைச் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு). 1978-இல் பென்டாக்ஸ் வெளியிட்ட ஆட்டோ 110 என்ற குட்டி ஃபிலிம் கேமராவில் ஃபிலிமில் விழும் படத்தின் அளவும் ஏறத்தாழ இதேதான். அதிலும் லென்ஸ் மாற்றலாம். ஆகவே இந்த ஆசை டிஜிட்டல் காலத்தில் புதிதாக முளைத்ததல்ல.

அந்தச் சில ஆண்டுகளில் இப்படிப்பட்டவை கூட்டமாகவே வந்தன. சோனி நெக்ஸ்-5 2010-இல், பென்டாக்ஸ் க்யூவும் நிக்கான் 1 வரிசையும் 2011-இல், கேனான் இஓஎஸ் எம் 2012-இல், சாம்சங் என்எக்ஸ் மினி 2014-இல். இன்று நிக்கான் 1 இல்லை, பென்டாக்ஸ் க்யூ இல்லை, கேனான் எம் இல்லை. சாம்சங் கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. ஜிஎம்1-க்கு அடுத்து 2014-இல் வந்த ஜிஎம்5-உடன் பானசோனிக்கும் அந்தப் பாதையை மூடிவிட்டது.

காரணங்களில் முதலாவது, பேச்சில் அதிகம் அடிபடாத ஒன்று: மவுன்ட். லென்ஸ் பூட்டும் அந்த உலோக வளையத்தின் வாய் எவ்வளவு அகலமோ அதற்கேற்பத்தான் லென்ஸ் குழாயின் விட்டமும், அதைத் தாங்கும் உடலின் உயரமும் அமையும். ஜிஎம்1-இன் உயரம் 54.9 மி.மீ.; அதன் 12-32 லென்ஸின் விட்டம் 55.5 மி.மீ. இரண்டும் அச்சடித்ததுபோல் ஒன்றிப்போவது தற்செயல் அல்ல. கேனானின் பழைய இஎஃப்-எம் மவுன்ட்டின் வாய் 47 மி.மீ. இப்போதைய ஆர்எஃப் மவுன்ட்டுக்கு 54 மி.மீ., நிக்கான் இசட்-க்கு 55 மி.மீ. இவை 36-க்கு 24 மி.மீ. கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சாருக்காக வரையப்பட்டவை. அதே வாயின் பின்னால் ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகைச் சென்சாரை வைத்தாலும் வாய் சுருங்காது. அதனால்தான் ஆர்எஃப் மவுன்ட்டுக்கான சிறிய 18-45 மி.மீ. ஜூம்கூட 69 மி.மீ. விட்டத்தில் நிற்கிறது, நிக்கானின் 16-50 மி.மீ. 70 மி.மீ. இவற்றைத் தாங்கும் உடலை 55 மி.மீ. உயரத்தில் செய்ய வழியே இல்லை.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இரண்டு மவுன்ட் என்றால் இரண்டு லென்ஸ் வரிசை, இரண்டு மடங்கு வரைவுச் செலவு. இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் உடலில் பூட்டவும் வழியில்லை. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் முன்னதில் 18 மி.மீ., பின்னதில் 20 மி.மீ. இடையில் மாற்று வளையம் வைக்கலாமென்றால், சென்சாருக்கு இன்னும் பக்கத்தில் இருக்க வேண்டிய லென்ஸை அது மேலும் தள்ளித்தான் வைக்கும். சந்தை சுருங்கும்போது ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். இலாபம் குறைந்த சின்ன மவுன்ட்டே பலியானது.

அடுத்தது, வாங்குவோர் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்ட சுமை. சென்சாரையே மிதக்கவிட்டு நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு இப்போது அநேகமாகக் கட்டாயம்போல் ஆகிவிட்டது. அதற்குச் சென்சாரைச் சுற்றிக் காந்தங்களும் கம்பிச்சுருள்களும், அது நகர இடமும் வேண்டும். 2021-இல் வந்த ஒலிம்பஸ் பென் இ-பி7 அதே மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் அளவில், இந்த அமைப்புடன், 337 கிராம், 38.1 மி.மீ. தடிமன். நல்ல கேமரா, ஆனால் ஜிஎம்1-ஐவிட 133 கிராம் கூடுதல்.

அதோடு சூடு சேர்ந்துகொள்கிறது. 4கே காணொளி என்றால் ஒவ்வொரு சட்டமும் 80 லட்சம் புள்ளிகளுக்கு மேல். வினாடிக்கு 30 சட்டம். அவ்வளவையும் படித்து, சுருக்கி, கார்டில் எழுதும்போது பிறக்கும் சூடு வெளியேற உலோகப் பரப்பு வேண்டும். சென்சாரை உடலோடு திருகி இறுக்கினால் உடலே சூட்டை வாங்கி வெளியே விடும். மிதக்கவிட்டால் அந்த நேர்வழி அடைபடுகிறது. உடலைப் பெரிதாக்குவதுதான் எளிய தீர்வு. பேட்டரியும் அப்படியே. ஜிஎம்1-இன் பேட்டரி 680 எம்ஏஎச். ஒரு சார்ஜில் 200 சொச்சம் படங்கள்தாம் எடுக்க முடியும். சோனியின் பழைய சிறு கேமராக்களில் இருந்தது 1020 எம்ஏஎச். 2024-இல் வந்த இசட்வி-இ10 இரண்டாம் பதிப்பில் 2280 எம்ஏஎச். அதனால் முதல் பதிப்பில் 343 கிராமாக இருந்த எடை 377 கிராமாக ஏறியது. இந்த எடையைக் குறைகூறிப் பயனில்லை. அந்தக் கேமரா காணொளி எடுப்போருக்கானது. ஆனால் அதைச் 'சின்னக் கேமரா' என்று விற்பதுதான் உறுத்துகிறது.

இனி, எங்கள் பார்வையில் பெரிய காரணம். சின்னக் கேமராவைக் கவிழ்த்தது பெட்டியில் கூடவே வந்த ஜூம் லென்ஸ்.

ஒரே அகலக் காட்சியை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது சென்சாருக்கு வந்துசேரும் ஒளியை எளிதாகக் கணக்கிடலாம். சென்சாரின் பரப்பை எஃப் எண்ணின் (லென்ஸின் துளையைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் துளை பெரிது) வர்க்கத்தால் வகுத்தால் போதும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் பரப்பு சுமார் 225 சதுர மி.மீ. உடன்வந்த ஜூமின் அகல முனையில் எஃப் 3.5. வகுத்தால் 18 வரும். இன்றைய உயர்ரகக் கைப்பேசிகள் சிலவற்றில் '1 அங்குல' சென்சார் இருக்கிறது. (அந்தப் பெயரை நம்ப வேண்டாம். அது பழைய காணொளிக் குழாய்களின் விட்டத்திலிருந்து வந்த வழக்கு. உண்மை அளவு 13.2-க்கு 8.8 மி.மீ.) அதன் பரப்பு 116, லென்ஸ் எஃப் 1.9. வகுத்தால் 32. அதாவது லென்ஸ் மாற்றும் கேமராவைவிடக் கைப்பேசிக்கே கூடுதல் ஒளி கிடைக்கிறது! போதாததற்கு, கைப்பேசி பல சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குறைந்த ஒளியில் படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை அழிக்கிறது. ஜூமை நீட்டிய முனையிலோ எஃப் 5.6, கேமராவின் கணக்கு 7-க்கு இறங்கிவிடும். விளக்கொளியில் வீட்டுக்குள் எடுத்துப் பார்த்தவர் 'கைப்பேசியே மேல்' என்று முடிவுகட்டியதில் என்ன தவறு?

அதே உடலில் 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸை மாட்டினால் கணக்கு 78-க்குத் தாவுகிறது. ஜூமைவிட நான்கு மடங்குக்கு மேல். அந்தக் கைப்பேசியைவிட இரண்டரை மடங்கு. லென்ஸின் எடை 87 கிராம், நீளம் 25.5 மி.மீ. கேமராவோடு 291 கிராம், 56 மி.மீ. சட்டைப்பையின் கணக்கு குலையவே இல்லை. சிறுகேமராவின் உயிர் இந்தத் தட்டை லென்ஸ்களில்தான் இருந்தது. கேனான் எம் வரிசைக்கு அப்படியொரு 22 மி.மீ. எஃப் 2 இருந்தது. 105 கிராம், 23.7 மி.மீ. ஃபுஜிஃபில்முக்கு 27 மி.மீ. எஃப் 2.8, 84 கிராம். நிறுவனங்கள் இவற்றைப் பெரும்பாலும் தனியாக விற்றன. பெட்டிக்குள் மங்கல் ஜூமைப் போட்டன. வாங்கியவர்களில் பலர் இரண்டாவது லென்ஸ் வாங்கவே இல்லை. லென்ஸ் மாற்றாதவருக்கு லென்ஸ் மாற்றும் கேமரா எதற்கு?

அந்த 20 மி.மீ. லென்ஸுக்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கூர்மையைச் சரிசெய்ய அதன் கண்ணாடித் தொகுதி முழுவதும் நகர வேண்டும். அதனால் மெதுவாகத்தான் குவியும். ஓடும் குழந்தைக்கு உதவாது. வேகம் வேண்டுமென்றால் 14 மி.மீ. எஃப் 2.5: 55 கிராம், 20.5 மி.மீ., ஒளிக்கணக்கு 36. வெயிலில் மட்டும் எடுப்பவருக்கு ஒலிம்பஸின் 15 மி.மீ. எஃப் 8 மூடி லென்ஸ் (கேமராவின் மூடியாகவும் பயன்படுவது) ஒரு விளையாட்டுப் பொருள்: 9 மி.மீ. தடிமன், 22 கிராம். குவிவை 1.9 மீட்டருக்கு அருகே நிறுத்திவிட்டால் சுமார் 1 மீட்டரிலிருந்து தொலைவானம் வரை போதுமான தெளிவு இருக்கும். குவிப்பு மோட்டாரே இல்லாததால் கெட்டுப்போக எதுவுமில்லை.

லென்ஸ் மாற்றும் வசதிக்கு நாம் தரும் விலை என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ரிக்கோ ஜிஆர்3 ஏபிஎஸ்-சி சென்சாரை வைத்துக்கொண்டு, லென்ஸும் பேட்டரியும் சேர்த்து 257 கிராம், 33.2 மி.மீ. தடிமன். மவுன்ட் இல்லை, ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, கடைசிக் கண்ணாடி சென்சாரை ஒட்டி அமர்கிறது. லென்ஸ் பூட்டிய ஜிஎம்1-உடன் ஒப்பிட்டால் தடிமன் வித்தியாசம் ஏறத்தாழ 20 மி.மீ. இந்த 20 மி.மீ. ஏற்கத்தக்கதுதான். இப்போதைய கேமராக்கள் கேட்பதோ அதைவிட மிக அதிகம். 2024-இல் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-எம்5 உடல் 355 கிராம், 38 மி.மீ.; பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் உடன்வரும் 15-45 மி.மீ. ஜூமைப் பூட்டியதும் தடிமன் 82 மி.மீ. ஆகிறது. அதே ஆண்டு வந்த பானசோனிக் எஸ்9 ஃபுல் ஃபிரேம் சென்சாருடன் 486 கிராம். அளவைக் குறைக்க வியூஃபைண்டரையும் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) இயந்திர ஷட்டரையும் எடுத்துவிட்டார்கள். அதற்குரிய தட்டை லென்ஸ் 58 கிராம்தான். ஆனால் எஃப் 8 என்று நிலைத்த துளை, குவிப்பும் கையால்தான்.

வணிகக் காரணங்கள் தெரிந்தவையே, விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் டிஜிட்டல் கேமராக்கள் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற்கும்படி இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். பழைய சார்ஜ் துளையோடு ஓடிக்கொண்டிருந்த மாடல்களுக்குத்தான் அது தலைவலி. ஒரு துளைக்காக உள்பலகையை மறுபடி வரைவதற்கு ஒரு சிறுகேமராவின் இலாபம் இடங்கொடுக்காது.

எனவே, இப்படி ஒன்று வேண்டுவோர் பழைய கேமராவைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இவை பத்தாண்டு கடந்த பொருள்கள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து வாங்குவது நல்லது.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பூட்டை விலக்கினால் அது தானாக எம்பி வர வேண்டும். நகத்தால் நெம்ப வேண்டியிருந்தால் ஊதியிருக்கிறது. அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது, சார்ஜும் ஏற்றக் கூடாது. கேமராவைச் சும்மா வைத்திருக்கும் காலத்தில் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வெளியே எடுத்து வையுங்கள். முழுக்க இறங்கிப்போனது பல நேரம் மீளாது. பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதி அழிந்தால் உள்ளே இருக்கும் சிறிய துணைக்கலம் (தேதியைக் காக்கும் குட்டி மின்கலம்) காலியாகியிருக்கும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை ஒரு நாள் உள்ளே விட்டுப் பாருங்கள். அப்படியும் தேதி நிற்கவில்லையென்றால் அந்தக் கலம் செத்துவிட்டது. படம் எடுக்க அது தடையல்ல; தேதியை மட்டும் அடிக்கடி அமைக்க வேண்டியிருக்கும்.

12-32 மி.மீ. லென்ஸில் முன்வளையம் கழன்று வருவது பரவலான குறை. அதைப் பிடித்திருப்பது திருகு அல்ல, பசை. ஆண்டுகள் போனதும் பசை காய்கிறது. திருப்பும்போது வளையம் மட்டும் சுற்றும், அல்லது கையோடு வந்துவிடும். இதைக் கண்டு கேமராவையே ஒதுக்க வேண்டாம். பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, மெல்லிய இருபக்க ஒட்டுநாடாவோ ரப்பர் வகைப் பசையோ வைத்து ஒட்டலாம். நொடியில் ஒட்டும் சூப்பர் பசையை மட்டும் அண்டவிடாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். அப்புறம் லென்ஸைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.

மோட்டாரில் இயங்கும் தட்டை ஜூம்கள் (ஒலிம்பஸின் 14-42, சோனியின் 16-50) வேறு விதமாகக் கெடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளிருக்கும் நாடா வயர் ஒரே இடத்தில் மடங்கி விரிகிறது. ஒரு நாள் அது விரிசல் விட்டு அறுந்துவிடும். அடையாளம்: லென்ஸ் பாதியில் நிற்கும், அல்லது லென்ஸைச் சரியாகப் பூட்டச் சொல்லித் திரையில் எழுத்து வரும். தொடுமுனைகளைத் துடைத்தும் போகவில்லையென்றால் நாடாதான் காரணம். வாங்குமுன் பத்துத் தடவை ஆன் செய்து அணையுங்கள். ஜூமின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு படம் எடுத்துப் பாருங்கள். பைக்குள் தவறுதலாக ஆன் ஆகி, வெளியே வர இடமில்லாமல் மோட்டார் முட்டுவதும் பல்சக்கரத்தைக் கெடுக்கும். கையால் திருப்பும் ஜூமுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

ஜிஎம்1-இன் ஷட்டர் சிறிய படிநிலை மோட்டாரில் இயங்குவது. உடல் சிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கு ஈடாக இயந்திர ஷட்டர் 1/500 வினாடியோடு நின்றுவிடும், ஃபிளாஷுக்கு 1/50தான். அதைத் தாண்டினால் மின்னணு ஷட்டர். அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் வேகமாகப் போகும் வண்டி சாய்ந்து தெரியும். எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப் 8 வைத்தாலே 1/800 ஆகிவிடும், அதாவது எல்லை தாண்டிவிட்டது. ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி ஒன்றை மாட்டினால் எஃப் 4-இல் 1/400 கிடைக்கும். 14, 20 மி.மீ. தட்டை லென்ஸ்கள் இரண்டுக்கும் திருகுவாய் 46 மி.மீ. என்பதால் ஒன்றே போதும். 12-32-க்கு மட்டும் 37 மி.மீ.

சென்சாரில் தூசு இருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16-இல் வெள்ளைச் சுவரைக் குவிவில்லாமல் எடுத்துத் திரையில் பெரிதாக்குங்கள். ரப்பர் ஊதுகுழல் போதும். வாயால் ஊதினால் எச்சில் படும். அழுத்தக் காற்றுப் புட்டியிலிருந்து திரவம் தெறிக்கும். துடைத்தே ஆக வேண்டுமென்றால் துடைப்பானின் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்குச் சுமார் 13 மி.மீ., ஏபிஎஸ்-சி-க்கு 16 மி.மீ. இரண்டு சொட்டுத் திரவம், ஒரு பக்கமிருந்து மறு பக்கம் ஒரே இழுப்பு. அதே முகத்தால் திரும்பத் துடைக்கக் கூடாது. ட்ரைபாடில் வைக்கும்போது இன்னொரு சங்கடம்: பருத்த லென்ஸ்கள் ஜிஎம்1-இன் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கி ட்ரைபாடின் தட்டில் இடிக்கும். இறுக்கினால் பளு மவுன்ட்டின் மேல் ஏறும். இடையில் ஒரு சிறு தடுப்புத்தகடு வைத்துத் திருகுங்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கேமராக்களைப் பற்றி எழுதும்போது 'கையடக்கமானது' என்று எழுதாமல் மூன்று எண்களை அச்சிடுங்கள். பேட்டரி, கார்டு, உடன்வரும் லென்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த எடை. அணைத்து வைத்த நிலையில் முதுகிலிருந்து லென்ஸின் மூக்கு வரையுள்ள தடிமன். சென்சார் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். விளம்பர அட்டவணையில் 'உடல் மட்டும்' என்று இருந்தால் பேட்டரியைக்கூடக் கழித்திருப்பார்கள் என்று கொள்க. ஜிஎம்1-ஐயே அப்படி 173 கிராம் என்றுதான் விற்றார்கள். கையில் எடுத்தால் 204.

இப்படிக்கு,
கேமரா பழுதுநீக்கும் வாசகர்கள் சிலர்